சொந்தக் காரில் கோர்ட் டியூட்டி: மைல் கணக்கு

வணக்கம் நண்பரே. அமெரிக்காவில் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) போலீஸில் வேலை, கோர்ட்டுக்கும் பயிற்சிக்கும் சொந்தக் காரில் போகிறீர்கள், மைலுக்கு 40 சென்ட்தான் தருகிறார்கள், 2025-க்கு ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித்துறை) வைத்த கணக்கு மைலுக்கு 70 சென்ட் ஆச்சே, மீதி 30-ஐ வரியில் கழிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கழிக்க முடியாது. ஊழியர் கைக்காசு போட்ட செலவுக்கான மத்திய வரிக் கழிவு 2018-லேயே நின்றுபோனது. 2025 சட்டம் அந்த நிறுத்தத்தை நிரந்தரமாக்கிவிட்டது. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநில வரிகளில் மட்டும் இன்னும் வழி இருக்கிறது.

அந்த 70 சென்ட், உங்கள் போலீஸ் துறை கொடுத்தே ஆக வேண்டிய தொகை இல்லை. அதுவரை கொடுத்தால் வரி கிடையாது, அவ்வளவுதான். நம்மில் பாதிப் பேர் குழம்புவது இங்கேதான். கூட்டிக் கேட்க வேண்டுமென்றால் யூனியன் ஒப்பந்தத்தில் பயணப்படி பகுதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை ஓட்டுவது கணக்கில் வராது. ஸ்டேஷனிலிருந்து கோர்ட், திரும்ப ஸ்டேஷன் வரும். தேதி, இடம், காரணம், மைல் நான்கையும் அன்றன்றே எழுதி, 60 நாளுக்குள் துறையிடம் கொடுத்துவிடுங்கள். கணக்கே கேட்காமல் மாதாமாதம் ஒரு தொகை தந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது சம்பளமாக டபிள்யூ-2-வில் (வருடச் சம்பளம், வரி காட்டும் படிவம்) ஏறி வரி பிடிப்பார்கள்.

இன்னொன்று, வேலைக்குக் கார் ஓட்டுவதை இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லிவிட்டீர்களா?