ஐசோஃபிக்ஸ் இல்லாத பழைய காரில் குழந்தை இருக்கை பொருத்த முடியுமா, காரையே மாற்றத்தான் வேண்டுமா?

முடியும். இதற்காகக் காரை மாற்ற வேண்டாம். ஐசோஃபிக்ஸ் என்பது காரின் உடற்கூட்டோடு சேர்ந்து பின்சீட்டின் இடுக்கில் வரும் உலோக வளையங்கள். குழந்தை இருக்கையை கார் பெல்ட் இல்லாமலே அவற்றில் மாட்டிவிடலாம்.

உங்கள் கேள்வியைப் படித்தவுடனே, யாரோ ஒரு விற்பனையாளர் உங்கள் வண்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருக்கிறார் என்று புரிந்துவிட்டது. முதல் குழந்தையாக இருக்கும். பிரசவத்துக்கு இன்னும் ஓரிரு மாதங்கள் இருக்கும். கையிலுள்ள பணத்தில் கார் வாங்குவதா, செலவுக்கு வைத்துக்கொள்வதா என்று இருவரும் இரவெல்லாம் பேசிக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் இதில் எதையும் எழுதவில்லைதான். எனக்கு அப்படித்தான் இருந்தது, ஆகவே உங்களுக்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் கார் 1996-ஆம் ஆண்டு வண்டி. அப்பா ஓட்டிவிட்டு எனக்குக் கொடுத்தார். பின்சீட்டின் இரண்டு ஓரங்களிலும் தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து வரும் மூன்று முனை பெல்ட் உண்டு. நடுவில் இடுப்புக்கு மட்டும் ஒரு பட்டை. ஐசோஃபிக்ஸ் வளையங்கள் அதில் இருக்க வாய்ப்பே இல்லை, அதற்கான ஐ.எஸ்.ஓ 13216 என்ற சர்வதேசத் தரநிலையே 1999-இல்தான் வெளிவந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கடைக்குப் போனேன். பெல்ட்டில் பொருத்தும் இருக்கை வேண்டும் என்று தெளிவாகவே கேட்டேன். அங்கிருந்தவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார்: "சார், இந்த வண்டிக்கு எதுவும் சரிவராது. புது வண்டி எடுத்த பிறகு வாருங்கள்."

கேட்டது நான். வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவதும் நான்தான். என் கணவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. அவர் பாவம், அலமாரியில் இருந்த கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விற்பனையாளர் மீது இன்னும் கோபம் இருக்கிறது என்பதை மறைக்கப் போவதில்லை. பதில் கொஞ்சம் காரமாக இருந்தால் அதுதான் காரணம்.

வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்தது 1959-இல். அமெரிக்காவின் ஜெமினி திட்ட விண்வெளி வீரர்கள் விண்கலம் ஏவப்படும்போது மல்லாந்து கிடப்பதையும், விசை அவர்கள் முதுகு முழுவதும் பரவுவதையும் பார்த்துத்தான், குழந்தையைப் பின்னோக்கி, அதாவது முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி, உட்கார வைக்கும் யோசனை ஸ்வீடன் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மனுக்கு 1960-களில் தோன்றியது. ஐசோஃபிக்ஸ் வருவதற்கு முன் பல பத்தாண்டுகள், உலகத்தில் குழந்தை இருக்கைகளைப் பிடித்து வைத்திருந்தது கார் பெல்ட்தான். சரியாகக் கட்டிய பெல்ட் ஐசோஃபிக்ஸுக்கு இளைத்ததில்லை. ஐசோஃபிக்ஸின் பெருமையெல்லாம், அதைத் தவறாகப் பொருத்துவது கடினம் என்பதில் இருக்கிறது. பெல்ட்டைத் தவறாகக் கட்டுவது மிக எளிது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அது சின்ன வித்தியாசமில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"பழைய வண்டிக்கு வக்காலத்து வாங்குகிறாள்" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுக் காரின் உடற்கூடு மோதலை நன்றாகத் தாங்கும், காற்றுப்பைகளும் அதிகம். பணம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இருக்கிற காரில் குழந்தையை எப்படிப் பாதுகாப்பாக ஏற்றுவது என்பதுதான் இங்கே கேள்வி. நான் பொறியாளரும் இல்லை. காரின் கையேடு, இருக்கையின் கையேடு இரண்டையும் வரிவிடாமல் படித்தவள், அவ்வளவுதான்.

இருக்கை வாங்கப் போகும் முன் உங்கள் காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்து பெல்ட்டைப் பாருங்கள். பழைய காரில் எந்த இருக்கை உங்களுக்கு என்பதை முடிவு செய்வது அந்த பெல்ட்தான். விலையையும் நட்சத்திர மதிப்பெண்ணையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் மெதுவாக இழுங்கள். பழைய பெல்ட்களில் பல, வெடுக்கென்று இழுத்தால் மட்டும் பூட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு அது வசதி. குழந்தை இருக்கையைக் கட்டினால் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அடுத்து, பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துவிட்டுத் திரும்ப விடுங்கள். டிக் டிக் என்ற சத்தத்தோடு உள்ளே போய், மறுபடி வெளியே வர மறுத்தால், பூட்டும் வசதி உங்கள் பெல்ட்டிலேயே இருக்கிறது என்று பொருள். என் காரில் அந்தச் சத்தம் வரவில்லை. அப்படியானால் பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு குழந்தை இருக்கையிலேயே இருக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் 'எச்' எழுத்து வடிவத்தில் ஓர் உலோகக் கவ்வி உண்டு. பக்கிளில், அதாவது பெல்ட் மாட்டிக்கொள்ளும் கொக்கியில், சொருகும் உலோக நாக்கிலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்குள் அதைப் போட வேண்டும். பூட்டோடு வரும் இருக்கை கிடைத்தால் அதையே எடுங்கள். அந்தக் கவ்வியைச் சரியாகப் போடுவதற்குள் விரல் நகம் போய்விடும் என்கிறார்கள்.

பெல்ட் நைந்திருந்தாலோ, ஓரம் பிரிந்திருந்தாலோ, பக்கிள் ஒரே சொடுக்கில் பூட்டாமல் அடம்பிடித்தாலோ, இருக்கை வாங்கும் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் பெல்ட்டை மாற்றுங்கள்.

இனி பக்கிள். பழைய வண்டிக்காரர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை, அந்த விற்பனையாளர் உட்பட. பழைய கார்களில் பக்கிள் பெரும்பாலும் நீண்ட தண்டின் நுனியிலோ பட்டையின் நுனியிலோ நிற்கும். குழந்தை இருக்கையில் பெல்ட் செல்லும் வழி என்று ஒன்று உண்டு. அதில் பெல்ட்டை நுழைத்து இறுக்கும்போது, இந்த நீண்ட பக்கிள் மேலேறி வந்து இருக்கையின் பிளாஸ்டிக் விளிம்பின் மேல் குறுக்காக உட்கார்ந்துகொள்ளும். ஆட்டிப் பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கும், திருப்தியாக வீட்டுக்குப் போய்விடுவீர்கள். மோதலில் பெல்ட் இழுபடும்போது அந்த பக்கிள் நேராக இழுபடாமல் விளிம்பில் மடங்கும். மடங்கினால் உடையலாம், திறந்தும் கொள்ளலாம். பக்கிள் பட்டையை முறுக்கிக் குட்டையாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். காரின் கையேடு அனுமதித்தாலொழிய அதைச் செய்யாதீர்கள். வேறு இருக்கையைப் பாருங்கள்.

நான் அதைத்தான் செய்தேன். வேறு கடைக்குப் போய், வாங்குவதற்கு முன் காரில் வைத்துப் பார்க்க விடுவீர்களா என்று கேட்டேன். அங்கிருந்த பெண் தானே இருக்கைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஒன்றில் பெல்ட்டின் நீளம் போதவில்லை. கைப்பிடியோடு கூடிய பச்சிளங்குழந்தை இருக்கைகள் பலவற்றில் பெல்ட் அதன் முதுகையும் சுற்றி வர வேண்டும், பழைய கார் பெல்ட்கள் அங்கேதான் குட்டையாகிப் போகின்றன. இன்னொன்றில் பக்கிள் விளிம்பில் ஏறிக்கொண்டது. கடைசியாக வைத்தது, பெல்ட் வழி சற்று உயரத்தில் அமைந்த, பூட்டோடு கூடிய இருக்கை. பக்கிள் விளிம்புக்குக் கீழேயே நின்றது. கடையில் இருந்தவற்றிலேயே பார்வைக்குச் சுமாரான இருக்கை அதுதான். அதையே வாங்கினேன். பிறந்ததிலிருந்து பின்னோக்கியும், வளர்ந்த பிறகு முன்னோக்கியும் வைக்கக்கூடியது.

இருக்கையில் ஒட்டியிருக்கும் தரச்சான்று வில்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்44 என்பது பழைய ஐரோப்பிய விதி, குழந்தையின் எடையை வைத்துப் பிரிப்பது. ஆர்129 என்பது 2013-இல் நடைமுறைக்கு வந்தது. உயரத்தை வைத்துப் பிரிக்கும், பக்கவாட்டு மோதல் சோதனையும் அதில் உண்டு. ஆர்129 என்றாலே ஐசோஃபிக்ஸ் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பெல்ட்டில் கட்டும் இருக்கைகளும் அந்த விதியின்கீழ் வருகின்றன. அந்த விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கித்தான். அதற்குப் பிறகும் இருக்கை இடம் கொடுக்கும்வரை பின்னோக்கியே வைத்திருங்கள். வாங்குவது பழைய இருக்கையாக இருந்தால், அது விபத்தில் மாட்டியதே இல்லை என்று அடித்துச் சொல்லக்கூடிய ஆளிடமிருந்து மட்டும் வாங்குங்கள்.

பொருத்துவது உடல் வேலை. முழங்காலை இருக்கைக்குள் ஊன்றி, முழு எடையையும் கொடுத்து அழுத்திக்கொண்டு, பெல்ட்டின் தளர்வை இழுத்து எடுத்து, பிறகு பூட்டைப் போட வேண்டும். ஏழு மாத வயிற்றோடு என்னால் முடியாது. என் கணவர்தான் முழங்காலை ஊன்றினார், இழுத்ததும் பூட்டியதும் நான். அப்புறம் பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எந்தப் பக்கமும் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. தலைப்பகுதியைப் பிடித்து ஆட்டிவிட்டு "ஆடுகிறதே" என்று பயப்படாதீர்கள். பின்னோக்கிய இருக்கையின் மேல்முனை கொஞ்சம் அசையத்தான் செய்யும்.

எங்கள் காரில் இன்னொரு தொல்லை, பின்சீட் மெத்தை முதுகுப்பக்கம் நன்றாகச் சரிந்திருக்கும். அதன் மேல் பின்னோக்கிய இருக்கையை வைத்தால் கால்பக்கம் தாழ்ந்து, தலைப்பக்கம் நிமிர்ந்துவிடும். பச்சிளங்குழந்தையின் தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுவழி அடைபடக்கூடும். எங்கள் இருக்கையின் கையேடு அனுமதித்ததால், துண்டு ஒன்றை இறுக்கமாகச் சுருட்டி, மெத்தையும் முதுகும் சேரும் இடுக்கில் வைத்துச் சாய்வைச் சரிசெய்தோம். உங்கள் கையேடு அனுமதிக்காவிட்டால் செய்ய வேண்டாம்.

முன்சீட்டைப் பற்றி ஒரே வரி. எதிரே காற்றுப்பை இருந்து, அதை அணைக்க முடியாவிட்டால், பின்னோக்கிய இருக்கையை அங்கே வைக்கவே கூடாது. பழைய கார்கள் பலவற்றில் அதை அணைக்கும் விசையே இருக்காது.

இனி வரப்போவது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, வேண்டுமானால் தாண்டிவிடுங்கள். இவ்வளவு பாடுபட்டுப் பொருத்திய இருக்கையை என் கணவரின் தம்பி ஒருநாள் கழற்றிவிட்டார். சாமான் ஏற்ற காரை இரவல் வாங்கிப் போனவர், திரும்பி வந்து "பழையபடியே வைத்துவிட்டேன் அண்ணி" என்றார். பார்த்தால், முன்னோக்கி வைக்கும்போது பயன்படுத்த வேண்டிய வழியில் பெல்ட்டை நுழைத்து, இருக்கையைப் பின்னோக்கி நிறுத்தியிருந்தார். இரண்டுக்கும் தனித்தனி வழி, தனித்தனி நிறம் என்று இருக்கையிலேயே அம்புக்குறி போட்டிருக்கிறது. அந்த மனிதர் அப்படித்தான். எங்கள் துளையிடும் இயந்திரம் போன வருடம் அவர் வீட்டுக்குப் போனது. கேட்டால் "இதோ கொண்டுவருகிறேன்" என்பார். ஏணியும் அங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் முள்ளைச் சிவப்புக் கோட்டில் வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மாமியார் ஒரு வாரம் பேசமாட்டார்.

மாமியார் என்றதும் நினைவுக்கு வருகிறது. "நாங்கள் எல்லாரையும் மடியில் வைத்துக்கொண்டுதானே போனோம்" என்று உங்களிடமும் ஒருவர் சொல்வார். சண்டை போடாதீர்கள், கணக்குச் சொல்லுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி பத்தில் ஒரு நொடியில் நின்றால், 7 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த சுமார் 100 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். அந்த வேகத்தில் மோதுவது 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, "நீ ஏன் அவ்வளவு வேகமாக ஓட்டுகிறாய்?" என்றார். ஆனாலும் அதற்குப் பிறகு மடிப் பேச்சை எடுக்கவில்லை.

குழந்தை வளர்ந்து பூஸ்டருக்கு, அதாவது கார் பெல்ட் உடலில் சரியாகப் படியும்படி உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கைக்கு, வரும்போது பழைய கார்க்காரர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. நடுவிலுள்ள இடுப்புப் பட்டையில் பூஸ்டரை வைக்கவே கூடாது. தோள் பெல்ட் இல்லாமல் பூஸ்டர் பயன்படாது. உடல் முன்னால் மடங்கும், பட்டை வயிற்றில் ஏறி உள்ளுறுப்புகளை நசுக்கும். உறவினர் குழந்தைகளும் சேர்ந்து ஏறும் நாளில்தான் "அவனை நடுவில் உட்கார வை" என்று யாராவது சொல்வார்கள்.

உங்கள் காரின் ஆண்டையும் மாடலையும் எழுதுங்கள். பின்சீட்டின் இரு ஓரங்களிலும் பக்கிள் மெத்தையிலிருந்து எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்து, பக்கவாட்டிலிருந்து ஒரு படமும் எடுத்துப் போடுங்கள். பெல்ட்டை முழுவதும் இழுத்தபோது அந்த டிக் டிக் சத்தம் வந்ததா என்பதையும் சொல்லுங்கள். எந்த மாதிரி இருக்கையைத் தேட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.