கால் முறிவுக்குப் பிளாஸ்டர் போட்ட பிறகு தோலைக் கீறித் தைக்காமல் விட்டிருக்கிறார்கள், ஏன்?

மூதூரில் மோட்டார் சைக்கிளால் விழுந்த தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே முறிவு. பிளாஸ்டர் போட்ட அடுத்த இரவே தியேட்டருக்குக் கொண்டுபோய்க் காலின் இரு பக்கமும் நீளமாகக் கீறித் திறந்தபடி விட்டிருக்கிறார்கள், பிழை நடந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. திறந்து விடுவதுதான் அந்தச் சிகிச்சை. நோயின் பெயர் கொம்பார்ட்மென்ட் சின்ட்ரோம், தசையைச் சுற்றிய சவ்வைக் கீறித் திறக்கும் சத்திரசிகிச்சையின் பெயர் பாசியோட்டமி.

முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளாக இருக்கின்றன. ஒவ்வோர் அறையையும் இழுபடாத தடித்த சவ்வு சுற்றியிருக்கும். முறிவில் இரத்தம் கசிந்து தசை வீங்கினால் சவ்வு விட்டுக்கொடுக்காது, உள்ளே அழுத்தம் ஏறும். முதலில் நசிவது நுண்ணிய இரத்தக் குழாய்கள்தான். பெரிய நாடியில் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் பாதத்தில் நாடி பிடிபடுகிறது, விரல் சூடாயிருக்கிறது என்று ஆறுதல்படக் கூடாது. நாடி நிற்கும்வரை பார்த்திருந்தால் தசை செத்திருக்கும். ஏறக்குறைய 6 மணித்தியாலத்துக்கு மேல் போனால் தசையும் நரம்பும் மீளாத சேதத்துக்குள் போகத் தொடங்கும்.

நம்ப வேண்டியது வலியை. முறிவுக்குரிய அளவை மிஞ்சிய வலி, ஊசி போட்டும் அடங்காத வலி, கால்விரல்களை இன்னொருவர் மெல்ல அசைத்தாலே கெண்டைக்கால் துடிக்கும் வலி. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் மரத்துப்போவதும் முக்கிய அறிகுறி. சந்தேகமிருந்தால் ஊசியால் அறைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளப்பார்கள். இரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணிலிருந்து அதைக் கழித்து 30க்குக் குறைந்தால் கீற வேண்டும். 110/70 உள்ளவருக்கு அறைக்குள் 45 என்றால் மிச்சம் 25 தான். இரத்தம் இழந்து பிரஷர் இறங்கியவருக்கு இதைவிடக் குறைந்த அழுத்தமே போதும், ஆபத்து வந்துவிடும்.

தியேட்டருக்கு முன் பிளாஸ்டரை உள்ளிருக்கும் பஞ்சு, பண்டேஜ் உட்படத் தோல் தெரியும்வரை பிளக்க வேண்டும். வெளியோட்டை மட்டும் வெட்டினால் போதாது. காலைத் தலையணைமேல் உயர்த்துவது வீட்டார் செய்யும் நல்லெண்ணப் பிழை: உள்ளே வரும் இரத்தம் இன்னும் குறையும். இதய மட்டத்திலேயே இருக்கட்டும். எண்ணெய் போட்டு மட்டை வைத்து இறுக்கிக் கட்டிய காலிலும் இதே கதைதான். வெருகல், தென்னைமரவாடி போன்ற தூரத்து ஊர்க்காரர் விடியட்டும் என்று இருக்காமல் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வரும் பயண நேரமும் அந்த 6 மணித்தியாலத்துக்குள்தான் அடங்குகிறது.

வெளிப்புறக் கீறலால் முன்னறையும் பக்க அறையும், உட்புறக் கீறலால் பின்னறைகள் இரண்டும் திறக்கப்படும். ஒவ்வொன்றும் 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரும். வடு சிறிதாகட்டும் என்று குறுக்கினால் தோலே கட்டுப்போல இறுக்கும். ஆழத்துப் பின்னறை தவறிப்போவதும் நடக்கிற பிழை. பிறகு தசையைப் பார்ப்பார்கள்: நிறம், கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் இரத்தம் வருகிறதா. செத்ததை அகற்றுவார்கள்.

ஏறக்குறைய 48 மணித்தியாலத்தில் திரும்பத் தியேட்டருக்குப் போவது வழமை, பயப்படாதீர்கள். வீக்கம் வற்றியபின் தைப்பார்கள், முடியாவிட்டால் தொடைத்தோல் ஒட்டுவார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. சலம் கடுந்தேயிலை நிறத்தில் போனால் உடனே தாதியிடம் சொல்லுங்கள், செத்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். பாதம் கீழே தொங்கியபடி இறுகிவிடாமல் கணுக்காலை 90 பாகையில் தாங்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.