படித்து முடித்த பிறகும் கட்டணமா?

அண்ணாச்சி, நேற்று நீங்கள் கேட்டுவிட்டுப் போன கேள்வி மனதிலேயே நிற்கிறது. "புள்ளைய ரெண்டு வருஷம் டி.பார்ம் படிக்க வச்சிரலாம். அதுக்குப் பெறவும் வருஷா வருஷம் பணம் கட்டணுமாமே? லோடு ஆட்டோ ஓட்டுறவன் வீட்ல இதெல்லாம் நடக்குமா?" என்றீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினி ஒன்றும் பேசவில்லை. மேலப்பாளையத்தில் பீடி சுற்றிச் சேர்த்த காசுதானே, யோசிக்கத்தான் செய்வார்கள்.

நடக்கும். பயப்பட வேண்டியது கட்டணத்தைப் பார்த்து அல்ல, தேதியைப் பார்த்து.

டி.பார்ம் முடித்தவர்கள் பார்க்கிற மருந்தாளுநர் வேலைக்கு 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் இருக்கிறது. மாநில பார்மசி கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் நிலைத்திருக்க, அந்தந்த ஆண்டுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை ஏப்ரல் 1-க்கு முன் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். திரும்பச் சேர்க்கவும் வழி உண்டு, அதற்குத் தனி அலைச்சல். கல்லூரிக்குக் கட்டப்போவதோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. ஆனால் பெண்பிள்ளை கல்யாணமாகி வெளியூர் போவாள், கைக்குழந்தையோடு இரண்டு வருடம் வீட்டில் இருப்பாள், அப்போதுதான் மறந்துபோகும். அதோடு, விண்ணப்பத்தில் பிரவுசிங் சென்டர்காரரின் செல்போன் நம்பரைப் போட்டுவிடும் பழக்கம் நம் ஊரில் நிறைய. பிறகு வருகிற குறுஞ்செய்தியெல்லாம் அவருக்குத்தான் போகும். பாப்பாவின் சொந்த நம்பரைப் போடச் சொல்லுங்கள்.

நேற்று பேச்சோடு பேச்சாக உங்கள் லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தேனே, அது காலாவதியாகி எட்டு மாதம்! 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, முடிகிற தேதிக்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால், இருபது வருடம் ஓட்டியவரானாலும் திரும்ப ஓட்டிக் காட்ட வேண்டும். விதியில் புதுப்பிக்க அடிப்படைக் கட்டணம் 200 ரூபாய்தான். தாமதத்துக்கு ஆண்டுக்கு 1000 என்று ஏறுகிறது. டாக்டர் சர்டிபிகேட், புரோக்கர் கமிஷன், ஒரு நாள் வாடகை இழப்பு எல்லாம் தனி.

அதனால்தான் வருமானம் குறைந்தவர்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற பேச்சு வரும்போது, 200 ரூபாயை மட்டும் விட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தோன்றும். அந்த 1000-த்தை விடட்டும். பணமில்லாமல் தள்ளிப்போட்டவனுக்கே அபராதமும் போடுவது என்ன நியாயம்?

கேட்டால் கிடைக்காத விஷயமும் இல்லை. தெருவோர உணவுக் கடைக்காரர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவுக் கட்டணத்தை 2024-இல் தள்ளுபடி செய்தார்கள். அதே ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி, வழக்கறிஞராகப் பதிவு செய்யப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டுமே பதிவுக் கட்டணம். புதுப்பிப்புக்கும் அதே நியாயம்தான். உங்கள் ஸ்டாண்டு ஆட்கள் சேர்ந்து திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள், எழுதித் தருகிறேன். ஆனால் அது வரும் என்று நம்பி பாப்பாவின் அட்மிஷனை நிறுத்தி வைக்காதீர்கள்.

இப்போதே கிடைப்பதை வாங்குவோம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஓட்டுநர் நலவாரியத்தில் நீங்கள் பதிந்திருந்தால் அங்கேயும் பிள்ளை படிப்புக்கு உதவி இருக்கிறது. எது ஒத்துவருமோ அதைப் பார்ப்போம்.

படிப்பு முடிந்ததும் 500 மணி நேரப் பயிற்சி, அப்புறம் பதிவு செய்வதற்கு முன் எழுத வேண்டிய எக்ஸிட் தேர்வு. அதெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள், கெட்டிக்காரி. நீங்கள் ஒன்றைக் கவனியுங்கள். கையில் பதிவு வந்ததும் யாராவது வருவார்கள்: "பாப்பா வேலைக்கு வர வேண்டாம், சர்டிபிகேட்டை மட்டும் கடையில் மாட்டிக்கிறோம், மாசம் இவ்வளவு தாரோம்." சும்மா வருகிற காசுபோலத் தெரியும். அந்தக் கடையில் தப்பு மருந்து கொடுத்தால் பதில் சொல்லப்போவது அவள். வேண்டவே வேண்டாம். உண்மையாக வேலைக்குச் சேர்ந்தால், ஆண்டுக் கட்டணத்தைக் கடை கட்டுமா என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

சனிக்கிழமை வாருங்கள். மதினியின் பீடி அட்டை, பாப்பாவின் பிளஸ் டூ மார்க் ஷீட், உங்கள் லைசென்ஸ் மூன்றையும் எடுத்து வாருங்கள். வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் வாருங்கள், அண்ணாச்சி. புதுப்பிக்கும்வரை அதைத் தொடக்கூடாது.