சர்வ் எங்கே வரும் என்று எதிராளிக்கு எப்படித் தெரிகிறது?

டென்னிஸில் ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கும் அடியான சர்வ் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்தே நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் வேகத்தைப் பற்றியவை. காரைக்குடியில் சிமெண்ட் தரையில் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வேகம் குறைவு என்பதால் தோற்றவர்களைவிட, பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுத்துத் தோற்றவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: அண்ணே, என் சர்வ் நல்ல வேகம். ஆனாலும் மூன்று வருடமாகக் கூட ஆடும் நண்பன், நான் அடிப்பதற்கு முன்பே சரியான பக்கம் நகர்ந்துவிடுகிறான். எதை வைத்துக் கண்டுபிடிக்கிறான்?

தம்பி, முதலில் அவரிடமே கேட்டுப் பாருங்கள். நண்பர்தானே, ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் ஃபோனை அவர் நிற்கும் இடத்தில், அவர் கண் உயரத்தில் வைத்து இருபது சர்வ் படம் பிடியுங்கள். எல்லோரும் பின்னால் அல்லது பக்கவாட்டில் வைத்துத்தான் எடுக்கிறார்கள். அதில் உங்கள் அடி தெரியும், நீங்கள் காட்டிக்கொடுப்பது தெரியாது.

பெரிய ஆட்டக்காரர்களும் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஜெர்மன் சாம்பியன் போரிஸ் பெக்கரிடம் அமெரிக்க வீரர் ஆந்த்ரே அகாசி முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றார். அப்புறம் பெக்கரின் பழைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். சர்வ் போடுவதற்கு முன் பெக்கர் நாக்கை லேசாக வெளியே நீட்டுவார். நாக்கு உதட்டின் நடுவில் இருந்தால் பந்து நடுக்கோட்டுக்கு அல்லது உடம்புக்கு வரும், ஓரத்தில் இருந்தால் வெளிப்பக்கம் போகும். ஓய்வு பெற்ற பிறகு அகாசியே இதைச் சொன்னார். பெக்கருக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று முக்கியமான புள்ளிகளில் மட்டும்தான் அதைப் பயன்படுத்தினாராம். இருவரும் ஆடிய 14 ஆட்டங்களில் 10 அகாசிக்கு.

எனக்கும் அப்படி ஒன்று இருந்தது. உள்ளூர்ப் போட்டிகளில் ஒரே ஆளிடம் நான்கு வருடம் தோற்றேன். அப்புறம் அவர் பக்கத்திலிருந்து எடுத்த வீடியோ ஒன்றைப் பார்த்தேன். டியூஸ் பக்கத்திலிருந்து, அதாவது மைதானத்தின் வலப்பாதியிலிருந்து, ஓரத்துக்கு அடிக்க நினைத்தால் என் இடது கால் பெருவிரல் வலைக் கம்பத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நடுக்கோட்டுக்கு அடிப்பது என்றால் கால், நான் நிற்கும் பின்கோட்டுக்கு ஏறக்குறைய இணையாக இருந்தது. நான் வேண்டுமென்று செய்ததில்லை, உடம்பு தானாகச் செய்தது. ஷூ நுனி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, எங்கே அடித்தாலும் கால் அந்தக் கோட்டிலேயே என்று ஒரு மாதம் பழகிய பிறகுதான் போனது.

வீடியோவில் பார்க்க வேண்டியவை: கால் விரல், கண் போகும் இடம், பந்தைத் தட்டும் எண்ணிக்கை, கிரிப்பை (ராக்கெட் பிடியை) மாற்றும் நேரம். எல்லாவற்றுக்கும் மேலாக டாஸ், அதாவது அடிப்பதற்காகப் பந்தை மேலே தூக்கிப் போடுவது. பத்துக்கு எட்டுப் பேர் டாஸில்தான் காட்டிக்கொடுக்கிறார்கள். ஸ்லைஸ் (பந்தைப் பக்கவாட்டில் உரசி வளைய விடும் சர்வ்) என்றால் பந்தை வலப்பக்கம் தள்ளிப் போடுவார்கள், கிக் (மேல்நோக்கி உரசி, விழுந்ததும் எகிற விடும் சர்வ்) என்றால் தலைக்கு மேல், ஃப்ளாட் (நேராக மோதும் சர்வ்) என்றால் முன்னால். எதிராளி இதை ஒரே செட்டில் படித்துவிடுவார். அமெரிக்க சாம்பியன் பீட் சாம்ப்ராஸின் சர்வைப் படிக்க முடியாமல் போனதற்குக் காரணம், அவருடைய டாஸ் ஒன்றே ஒன்று. அதிலிருந்து, எதிர்ப்பக்கம் பந்து விழ வேண்டிய சர்வ் பெட்டியின் எந்த மூலைக்கும் அடிப்பார்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஃப்ளாட்டுக்கும் ஸ்லைஸுக்கும் ஒரே டாஸ். பந்தை உள்ளங்கையில் வைக்காமல் விரல் நுனிகளில் பிடியுங்கள். முழங்கையை மடக்காமல் தோளிலிருந்து கையைத் தூக்கி, கண் உயரம் வரும்போது விடுங்கள். பந்து சுழலாமல் மேலே போனால் சரியாக விட்டிருக்கிறீர்கள். கிக்குக்கு மட்டும் ஒரு சாண் இடப்பக்கம் வந்தால் பரவாயில்லை, அதையும் நாளடைவில் குறைக்கலாம்.

இதற்கு நம் ஊர் வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. கூரை உயரமான பழைய வீடு, கீழே பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல். ஒரு கல்லின் விளிம்பைக் கோடாக வைத்துக்கொண்டு இடது கால் நுனியை அதில் வையுங்கள். ராக்கெட் வேண்டாம். பந்தைத் தூக்கிப் போட்டுக் கீழே விழ விடுங்கள். விளிம்பிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி முன்னால், காலுக்குச் சற்று வலப்பக்கம் உள்ள ஒரே கல்லில் விழ வேண்டும். இருபதில் பதினைந்து அந்தப் பூவிலேயே விழுகிற வரைக்கும் தினமும் போடுங்கள். என் பிள்ளைகளில் இதைச் சலிக்காமல் செய்தவர்கள்தான் முன்னேறினார்கள்.

தேவகோட்டை, வழக்கறிஞர்: நான் ஒன்று இடது, ஒன்று வலது என்று மாற்றித்தான் அடிக்கிறேன். ஆனாலும் எதிராளி பிடித்துவிடுகிறார்.

மாற்றி மாற்றி அடிப்பதும் ஒரு வரிசைதானே சார்! அதைத்தான் அவர் பிடிக்கிறார். விம்பிள்டன் உள்ளிட்ட பெரிய ஆட்டங்களின் சர்வ்களை எண்ணிப் பார்த்து, இரண்டு பொருளியல் பேராசிரியர்கள் 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உலகத் தரத்து ஆட்டக்காரர்கள் இடப்பக்கம் அடித்தாலும் வலப்பக்கம் அடித்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் புள்ளி எடுக்கிறார்கள். அந்த அளவுக்குக் கலந்து அடிக்கிறார்கள். ஆனால் அவர்களிடமும் ஒரு பழக்கம் தெரிந்தது. தற்செயலாக அமைய வேண்டியதைவிட அதிகமாகப் பக்கம் மாற்றினார்கள். "போன தடவை அங்கே அடித்தோம், இப்போது இங்கே" என்ற எண்ணம் அவர்களையும் விடவில்லை.

அதனால் ஒரே இடத்துக்கு மூன்று முறை தொடர்ந்து அடிக்கத் துணியுங்கள். நான் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. பந்தைத் தட்டுவதற்கு முன் கைக்கடிகாரத்தில் விநாடியைப் பாருங்கள். 20க்குள் என்றால் நடுக்கோடு, 20 முதல் 39 வரை என்றால் உடம்பு, அதற்கு மேல் என்றால் ஓரம். பயிற்சி ஆட்டங்களில் ஒரு மாதம் இப்படி ஆடினால் உங்கள் பழைய வரிசை உடைந்துவிடும். 30-40, அதாவது இன்னும் ஒரு புள்ளி போனால் அந்த கேமே போய்விடும் என்பது போன்ற நெருக்கடியில் கடிகாரம் வேண்டாம், அன்று நன்றாக விழுகிற சர்வைப் போடுங்கள். ஆனால் எல்லா நெருக்கடியிலும் அதே சர்வ் என்றால் மறுபடியும் மாட்டிக்கொள்வீர்கள்.

உடம்புக்கு அடிப்பதை நம் ஊரில் யாரும் பயன்படுத்துவதே இல்லை, எனக்கு அதில் வருத்தம். வலது கைக்காரரின் இடது இடுப்பைக் குறிவைத்து ஸ்லைஸ் போட்டால் பந்து வளைந்து அவர் வயிற்றுக்குள் வரும். ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று முடிவெடுக்கவே நேரம் இருக்காது. கோட்டுக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டிய பயமும் இல்லை.

பள்ளத்தூர், ஆசிரியை: முதல் சர்வ் தவறி செகண்ட் சர்வ் வந்தாலே கை நடுங்குகிறது. மெதுவாக அடித்தும் அதுவும் தவறி டபுள் ஃபால்ட், புள்ளி போய்விடுகிறது. என்ன செய்வது சார்?

மெதுவாக அடிப்பதால்தான் டீச்சர். வேகத்தைக் குறைத்தால் பந்தில் சுழற்சி இருக்காது, சுழற்சி இல்லாத பந்து சட்டென்று கீழே இறங்காது. வலை நடுவில் மூன்றடி, கம்பத்தில் மூன்றரை அடி. சர்வ் பெட்டி வலையிலிருந்து 21 அடிதான். அந்த வலையையும் தாண்டி, அந்தப் பெட்டிக்குள்ளும் பந்து விழ வேண்டும் என்றால் அதை மேலே அனுப்பி, சுழற்சியால் கீழே இழுக்க வேண்டும்.

செகண்ட் சர்வில் கை ஃபர்ஸ்ட் சர்வ் அளவுக்கே வேகமாகச் சுழல வேண்டும். வித்தியாசம், ராக்கெட் பந்தை நேராக மோதாமல் கீழிருந்து மேலாக, இடமிருந்து வலமாக உரசிப் போவதில் இருக்கிறது. பந்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணியிலிருந்து ஒரு மணிக்கு உரசுங்கள். வலைக்கு மேல் இரண்டு மூன்றடி உயரத்தில் போகட்டும்.

பழக ஒரு வழி: சர்வீஸ் கோட்டில், அதாவது வலைக்கு 21 அடியில், மண்டியிட்டு உட்கார்ந்து சர்வ் போடுங்கள். முழங்காலுக்குக் கீழே துண்டை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்திலிருந்து கீழ்நோக்கி அடித்தால் பந்து வலையில்தான் போகும், மேல்நோக்கி உரசினால் மட்டுமே தாண்டும். கைக்குப் புரிந்ததும் எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போங்கள். வாரம் மூன்று நாள், இருபது நிமிடம் போதும்.

முதலில் கிரிப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோடாலியைப் பிடிப்பது போல் ராக்கெட்டின் விளிம்பு தரையைப் பார்க்க வேண்டும், அதுதான் கான்டினென்டல். தோசைக்கரண்டி பிடிப்பது போல் பிடித்தால் எந்தப் பயிற்சியும் பலன் தராது.

காரைக்குடி, கடைக்காரர், 52 வயது: எனக்கு வேகமே வரவில்லை. இந்த வயதில் சர்வை ஆயுதமாக்க முடியுமா?

முடியும் அண்ணாச்சி. இந்திய ஆட்டக்காரர் ராமநாதன் கிருஷ்ணனை யாரும் சர்வுக்காகப் பேசியதில்லை. அவர் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி ஆடினார். மகன் ரமேஷின் சர்வ் அதைவிட மென்மை. அந்த சர்வை வைத்துக்கொண்டுதான் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதல் ஆட்டக்காரரும் நடப்புச் சாம்பியனுமான விலாண்டரைத் தோற்கடித்தார். இடம் பார்த்துப் போட்டார், அடுத்த அடிக்குத் தயாராக இருந்தார்.

நீங்கள் டியூஸ் பக்கத்தில் ஸ்லைஸை ஓரத்துக்குப் போட்டு எதிராளியை மைதானத்துக்கு வெளியே இழுங்கள், திரும்பி வரும் பந்தைக் காலியான பக்கம் வையுங்கள். அவர் ஓரத்துக்கு நகர்ந்து நிற்க ஆரம்பித்ததும் நடுக்கோடு. அங்கே வலையும் தாழ்வு, தூரமும் குறைவு. உங்கள் வேகமே போதும்.

தேவகோட்டை, வங்கி ஊழியர், 47 வயது: சர்வ் போட்டால் தோள் வலிக்கிறது.

வலி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலோ, இரவில் தூங்க விடாமல் செய்தாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள், சர்வ் பிறகு. லேசான வலி என்றால் இரண்டு காரணங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒன்று, வங்கியிலிருந்து நேராக வந்து உடம்பு சூடாகாமல் முதல் பந்தையே முழு வேகத்தில் அடிப்பது. இன்னொன்று, தோள்கள் இரண்டையும் சமமாக வைத்துக்கொண்டு கையை மட்டும் காதை ஒட்டித் தூக்குவது. டாஸ் போடும்போது இடது தோள் மேலேயும் வலது தோள் கீழேயும் இருக்க வேண்டும், அடிக்கும்போது அது தலைகீழாக மாற வேண்டும். முழங்காலை மடக்கி, பலத்தைக் காலிலிருந்து எடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை சர்வ் என்று எண்ணி, நாற்பதோடு நிறுத்துங்கள்.

கோட்டையூர், பள்ளி மாணவர்: ஆடி மாதக் காற்றில் டாஸ் பறந்துவிடுகிறது. சாயங்கால வெயில் வேறு கண்ணில் படுகிறது.

டாஸைத் தாழ்வாகப் போடு தம்பி. கை முழுதாக நீளும் உயரத்துக்குச் சற்று மேலே போனால் போதும். பிடிக்கவில்லை என்றால் அடிக்காமல் பந்தைப் பிடித்துக்கொள், விதிப்படி அது தவறில்லை. ராக்கெட்டை வீசித் தவறவிட்டால்தான் ஃபால்ட். வெயிலுக்கு, நிற்கும் இடத்தைக் கோட்டில் இரண்டடி மாற்றிப் பார். ஆனால் ஒவ்வொரு சர்வுக்கும் இடம் மாறாதே, அதையும் எதிராளி படிப்பான்.

கானாடுகாத்தான், கல்லூரி மாணவி: கீழிருந்து போடும் சர்வ் மரியாதைக் குறைவா?

இல்லவே இல்லை, விதி அனுமதிக்கிறது. 1989 பிரெஞ்சு ஓப்பனில் 17 வயது மைக்கேல் சாங், கால் பிடித்து இழுக்கும் நிலையில் அப்போதைய உலகின் முதல் ஆட்டக்காரர் லெண்டிலுக்கு எதிராக அப்படிப் போட்டுப் புள்ளி எடுத்தார், ஆட்டத்தையும் ஜெயித்தார். எதிராளி கோட்டுக்கு வெகுதூரம் பின்னால் நிற்கும்போது மட்டும் போடுங்கள். ஒரு ஆட்டத்தில் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு.

காரைக்குடியிலிருந்து இன்னொருவர்: ராக்கெட் நரம்பை மாற்றினால் சர்வ் மாறுமா?

கொஞ்சம். டாஸ் மாறினால் நிறைய.

கானாடுகாத்தான், ஓர் ஆச்சி: தம்பி, என் பேத்திக்குப் பத்து வயது. லீவுக்கு வந்திருக்கிறாள், டென்னிஸ் பழகுகிறாள். சர்வ் போட்டால் வலையைத் தாண்டவில்லை என்று அழுகிறாள். எனக்கு விளையாட்டு தெரியாது. வீட்டில் நான் என்ன செய்யலாம்?

ஆச்சி, கேட்டதற்கே சந்தோஷம். முதலில் பந்தை மாற்றுங்கள். பச்சைப் புள்ளி போட்ட பந்து என்று கேட்டால் கடையில் தருவார்கள். வழக்கமான பந்தைவிட கால் பங்கு வேகம் குறைவு, சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்தது. ராக்கெட் 25 அல்லது 26 அங்குலம் போதும், அப்பாவின் ராக்கெட் வேண்டாம்.

அப்புறம், சர்வ் என்பது எறிவதுதான். மாங்காய்க்குக் கல் எறிகிற கை அசைவு அவளுக்கு நன்றாக வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முற்றத்தில் ஒரு முனையில் அவளை நிறுத்தி, இன்னொரு முனையில் மூன்று கொட்டான்களை (பனையோலைக் கூடைகளை) வையுங்கள், இடது, நடு, வலது என்று. ராக்கெட் இல்லாமல், தலைக்கு மேலிருந்து எறிந்து கொட்டானில் போட வேண்டும். எந்தக் கொட்டான் என்பதை, அவள் கையைப் பின்னால் கொண்டுபோன பிறகுதான் நீங்கள் சொல்ல வேண்டும். கடைசி நேரம் வரைக்கும் உடம்பு ஒரே மாதிரி இருக்கப் பழகிவிடுவாள். பெரியவர்கள் வருடக்கணக்கில் பாடுபடுகிற விஷயம் அது.

பத்து நாளில் கொட்டானில் விழுவது எத்தனை கூடியிருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள் ஆச்சி. அடுத்த வாரம் ராக்கெட்டைக் கையில் கொடுப்பதைச் சொல்கிறேன்.