மெஷின் எதற்கு?

கேள்வி: நான் பிசியோதெரபிஸ்ட், சொந்தமாக கிளினிக் நடத்துகிறேன். முழங்கால் வலி என்று வருபவர்கள் முன்பெல்லாம் சொன்னதைச் செய்துவிட்டுப் போவார்கள். இப்போது யூடியூப் பார்த்துவிட்டு வந்து, 'இந்தப் பயிற்சி ஏன், மெஷின் எதற்கு, எத்தனை நாளில் சரியாகும்' என்று குடைகிறார்கள். நான் வைத்தியம் பார்ப்பதா, இவர்களைத் திருப்திப்படுத்துவதா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: மூன்றும் நியாயமான கேள்விகள். அதில் உங்களை அதிகம் உறுத்துவது நடுவில் இருப்பதுதான் என்பது என் ஊகம்.

மூட்டுத் தேய்மானத்துக்கு அல்ட்ராசவுண்ட் ஒலியலை, ஐ.எஃப்.டி., டென்ஸ் என்னும் கரண்ட் வைத்தியங்கள் போன்ற மெஷின் சிகிச்சைகளைக் கொடுக்க வேண்டாம் என்று, சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். எல்லோருக்கும் கொடுக்கச் சொல்வது பயிற்சி. உடல் பருமன் இருந்தால் எடைக் குறைப்பும் சேரும். இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் நம் ஊர் கிளினிக்குகள் பலவற்றில் பத்து நிமிடம் கரண்ட், பத்து நிமிடம் வேக்ஸ் என்கிற சூடான மெழுகு ஒத்தடம், கிளம்பும்போது அவசரமாக ஒரு பயிற்சி என்றுதானே நடக்கிறது?

பழி முழுக்க உங்கள் தொழில் மேல் இல்லை. வெறும் பயிற்சி சொல்லிக்கொடுத்து முந்நூறு ரூபாய் கேட்டால், 'இதை வீட்டிலேயே பண்ணியிருக்கலாமே' என்று முகம் சுளிப்பார்கள். கரண்ட் வைத்தால்தான் கொடுத்த காசுக்கு ஏதோ நடந்த மாதிரி இருக்கும். சாதாரண சளிக்கு ஊசி போடாத டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்று ஒதுக்கியவர்கள் நாம். அசதி என்றால் 'ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர்' என்று கேட்டு வாங்குகிறோம். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில், ஐந்து சதவீதக் கணக்கில், இருப்பது 25 கிராம் சர்க்கரை. வாயால் குடித்தாலும் அதே 25 கிராம்தான். ஜிம்களும் அப்படித்தான்: ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைய வேண்டும் என்று கேட்பவர் இருக்கிறார், அதனால் அப்படி போர்டு வைப்பவரும் இருக்கிறார்.

ஆக, நோயாளியின் எதிர்பார்ப்பு வைத்தியரை இழுப்பது யூடியூப் வந்தபின் தொடங்கியதல்ல. இத்தனை வருடம் மெஷின் பக்கம் இழுத்தார்கள், நீங்கள் எனக்குக் கடிதம் எழுதவில்லை. இப்போது சிலர் 'ஏன், எதற்கு' என்று கேட்டு மறுபக்கம் இழுத்ததும் எழுதுகிறீர்கள்.

அப்படி மறுபக்கம் இழுத்தவர்களில் ஒருவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர். 1974-இல் தன் மார்பில் கட்டி இருப்பதைக் கண்டார். அன்றைக்கு அங்கே வழக்கம் என்ன தெரியுமா? மயக்க மருந்து கொடுத்து, கட்டியில் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள். புற்று என்றால் அதே மயக்கத்திலேயே மார்பு, அடித் தசை, அக்குள் நிணநீர் முடிச்சு எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். மார்பு இருக்குமா இருக்காதா என்பது கண் விழித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கே தெரியும். குஷ்னர் சோதனையை மட்டும் முதலில் செய்யச் சொன்னார். முடிவு தெரிந்தபின் அடுத்ததைத் தானே தீர்மானிப்பதாகச் சொன்னார். சர்ஜன்கள் பலர் மறுத்தார்கள். அவர் விடவில்லை. எழுதினார், கூட்டங்களில் எழுந்து கேட்டார், தொல்லை பிடித்தவர் என்று பெயரும் எடுத்தார். 1979-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் மருத்துவர் அல்லாத அவருக்கும் இடம் கிடைத்தது. சோதனை ஒரு நாள், அறுவை சிகிச்சை வேறொரு நாள் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

குஷ்னர் கேட்டுவிட்டதாலேயே சிறிய அறுவை போதும் என்று ஆகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதை நிறுவியவை பெர்னார்ட் ஃபிஷர் என்ற சர்ஜன் தலைமையில் நடந்த ஆய்வுகள். கட்டியை மட்டும் எடுத்தவர்களும் மார்பை முழுதாக எடுத்தவர்களும் உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை என்று 1985-இல் முடிவு வந்தது. ஆகவே யூடியூப்பில் வந்த எல்லாவற்றுக்கும் நீங்கள் தலையாட்ட வேண்டாம். ஆதாரம் எங்கே என்று நீங்களும் திருப்பிக் கேளுங்கள்.

திருப்திப்படுத்துவதா என்றீர்களே, அது வேறு விஷயம். அமெரிக்காவில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. தங்கள் டாக்டர் மேல் மிகவும் திருப்தியாக இருந்தவர்களுக்கு மருந்துச் செலவு அதிகம், இறப்பு விகிதமும் அதிகம் என்றது. கேட்டதைக் கொடுத்ததால்தான் அப்படி ஆனது என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் சிரித்த முகத்தோடு வெளியே போனார் என்பதை வைத்து வைத்தியத்துக்கு மார்க் போட முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

சரி, மூன்றாவது கேள்வி, எத்தனை நாள்? பயிற்சியின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பத்து நாள் பேக்கேஜில் முடியாது என்று வருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அன்றைக்கே, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு அவரால் 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி, அவர் நோட்டிலேயே எழுதிக் கொடுங்கள். ஆறு வாரம் கழித்து அவரே எண்ணிப் பார்ப்பார். ஏறியிருந்தால் மெஷினைப் பற்றிக் கேட்க மாட்டார். ஏறாவிட்டால் உங்களைக் கேட்பார், அப்போது பயிற்சியை மாற்றிக் கொடுங்கள்.