ரேடியோவுக்குப் போகிறேன் என்று நிற்கும் மகள்

வணக்கம் அம்மா,

மகள் ஏ லெவல் என்ற பிரிட்டன் பள்ளி இறுதித் தேர்வை முடித்ததும் பார்மசி படிப்பாள் என்று இருந்தீர்கள். இப்போது ரேடியோவுக்குத்தான் போவேன் என்கிறாள். இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதலில், அவள் காலையில் விடாமல் கேட்கிறாள் என்றீர்களே, பிபிசி ரேடியோ 1இல் காலை நிகழ்ச்சி நடத்தும் அந்த கிரெக் ஜேம்ஸ் எப்படி வந்தார் என்று பாருங்கள்.

அவர் ஊடகவியல் படித்தவர் இல்லை. நாரிச்சில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தார். தொழில் பழகியது அங்கிருந்த லைவ்வயர் என்ற மாணவர் வானொலியில். அதற்கும் முன்பே, பள்ளி வயதில், மருத்துவமனை வானொலியில் மைக் பிடித்தவர். 2005இல் மாணவர் வானொலி விருது வாங்கினார். 2007இல் படிப்பு முடிந்த கையோடு பிபிசி ரேடியோ 1இல் சேர்ந்தார். அங்கே காலை நிகழ்ச்சி உடனே கிடைத்துவிடவில்லை. ஊர் தூங்கும் அதிகாலை நேரம், அப்புறம் மாலை நேரம் என்று போய், 2018இல்தான் அது கைக்கு வந்தது. இதற்கிடையே 2017இல் இங்கிலாந்து பந்துவீச்சாளர் ஜேம்ஸ் ஆண்டர்சனோடும் இசைக்கலைஞர் ஃபீலிக்ஸ் வைட்டோடும் சேர்ந்து டெய்லெண்டர்ஸ் என்ற கிரிக்கெட் பாட்காஸ்ட் தொடங்கினார். கிரிக்கெட் மேல் அவருக்கு உள்ள ஆசைதான் அதில் முதலீடு.

அதனால் என் யோசனை இது: அவள் எந்தப் பாடம் வேண்டுமானாலும் படிக்கட்டும், பார்மசி உட்பட. ஆனால் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டும் ஓபன் டேக்குப் போகும்போது மாணவர் வானொலி அறையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வாரம் முழுக்க நிகழ்ச்சி ஓடுகிறதா, முதலாம் ஆண்டு பிள்ளைகளுக்கும் நேரம் கொடுக்கிறார்களா என்று அங்கே இருக்கும் மாணவர்களையே கேளுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முன்பு உள்ளூர் நிலையத்தில் சில ஆண்டு பழகி மேலே போவார்கள். இப்போது அந்தப் படி தேய்ந்துவிட்டது. 2019இல் குளோபல் என்ற தனியார் வானொலி நிறுவனம் தன் உள்ளூர் காலை நிகழ்ச்சிகள் பலவற்றை ஒன்றாக்கியது. 2023இல் பிபிசியின் இங்கிலாந்து உள்ளூர் வானொலிகளும் பிற்பகல் நிகழ்ச்சிகளைப் பகிரத் தொடங்கின. பேசும் வேலை பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படைதான்; மாதச் சம்பளம் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே ஒலித்தொகுப்பும் நிகழ்ச்சித் தயாரிப்பும் அவள் கட்டாயம் கற்க வேண்டும். மைக் முன்னால் இடம் கிடைக்காத காலத்தில் வாடகை கட்டுவது அந்த வேலைதான். பாட்காஸ்ட் செய்பவர்களுக்கும் அது தெரிந்த ஆள்தான் தேவை.

திறமை இருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்றும் கேட்டீர்கள். ஒரு பாட்டை எடுத்து, பாடகர் வாய் திறப்பதற்கு முன் வரும் இசையின் மேல் அவளைப் பேசச் சொல்லுங்கள். இசை 15 நொடி என்றால் 14ஆவது நொடியில் பேச்சு முடிய வேண்டும். அவசரம் தெரியக் கூடாது. பாடகர் குரலின் மேல் ஏறிவிட்டால் மறுபடியும். அலுக்காமல் ஒரு மாலை முழுக்க இதைச் செய்கிறாள் என்றால், அந்த ஆசையை நான் மதிப்பேன்.

பாட்டுகளை வெட்டிவிட்டு அவள் பேச்சை மட்டும் 3 நிமிடம் தொகுக்கட்டும். டெமோ என்று நிலையங்கள் கேட்பது இதைத்தான். யூகாஸ் வழியாகப் பல்கலைக்கழக விண்ணப்பம் போடுவதற்கு முன் அதை எனக்கு அனுப்புங்கள். மூவரும் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் பாடத்தை முடிவு செய்யலாம்.