கட்டடங்களுக்கு நடுவே விலகும் நீலப்புள்ளி

கேள்வி: எம்.ஜி. ரோட்டில் உயரமான கட்டடங்களுக்கு அருகே நின்று ஆட்டோ பதிவு செய்தால், போன் என்னைப் பக்கத்துத் தெருவில் காட்டுகிறது. அல்சூர் ஏரிக்கரைக்கு வந்தால் இடம் சரியாகிவிடுகிறது. பழுது போனிலா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: போன் பழுதாகவில்லை, சுவர்களில் பட்டுத் திரும்பும் செயற்கைக்கோள் அலைதான் அதைத் தடுமாற வைக்கிறது.

போனுக்குள் இருக்கும் ஜி.பி.எஸ். ரிசீவர் உண்மையில் அளப்பது, செயற்கைக்கோளிலிருந்து அலை வந்து சேர எடுக்கும் நேரத்தை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன, ஒரு நானோ நொடியில் ஏறக்குறைய ஓர் அடி செல்லும் அலையை அளக்கும்போது 100 நானோ நொடி பிசகினாலே 30 மீட்டர் தவறிவிடும். போனில் உள்ள குவார்ட்ஸ் கடிகாரத்துக்கு அந்தத் துல்லியம் கிடையாது என்பதால், அதன் பிழையையும் கண்டுபிடிக்க வேண்டிய எண்ணாகச் சேர்த்துக்கொண்டு, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களை வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது, வந்து சேரும் அலை ரிசீவருக்குள்ளேயே வெப்பத்தால் எழும் மின் இரைச்சலைவிடவும் பலவீனமானது என்பதுதான். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தனக்கென 1,023 துண்டுகள் கொண்ட ஒரு குறித்தொடரை மில்லி நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. ரிசீவர் அதே தொடரைத் தானும் உருவாக்கி, வந்த அலையின் மீது சிறிது சிறிதாக நகர்த்தி, பெருக்கிக் கூட்டிப் பார்க்கிறது. இரண்டும் பொருந்தும் இடத்தில் மட்டும் கூட்டுத்தொகை கோபுரம்போல் எழும், மற்ற இடங்களில் இரைச்சல் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும்.

கண்ணாடிச் சுவரில் பட்டுத் தாமதமாக வரும் அலை, இந்தக் கோபுரத்தின் ஒரு பக்கத்தைப் புடைக்க வைத்து உச்சியை இடம்பெயர்த்துவிடுகிறது. ஜி.பி.எஸ்.ஸின் பழைய அலைவரிசையான எல்1-இன் குறியீட்டில், ஒரு துண்டு நேரத்தில் அலை செல்லும் நீளம் சுமார் 300 மீட்டர் என்பதால், கோபுரம் அகன்றது, எளிதில் ஏமாறக்கூடியது. ஜி.பி.எஸ்.ஸின் புதிய எல்5 அலைவரிசையில் குறியீடு பத்து மடங்கு வேகமானது. துண்டு 30 மீட்டர்தான், கோபுரமும் கூர்மையாகும். ஆகவே புதிய போன் வாங்கும்போது எல்1, எல்5 இரண்டையும் பெறுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆன்டெனாவும் முக்கியம். நேரடி அலை வலப்புறமாகச் சுழன்று வருகிறது. சுவரில் பட்டால் சுழற்சி பெரும்பாலும் இடப்புறமாக மாறிவிடும். நில அளவையாளர் வைத்திருக்கும் ஆன்டெனா அந்த வேறுபாட்டைக் கொண்டு எதிரொலியை ஒதுக்கிவிடும். போனுக்குள் அடங்கும் சிறிய ஆன்டெனாவால் அது முடிவதில்லை.

நேரடி அலை முழுவதுமாக மறைந்து எதிரொலி மட்டும் வந்தால் எல்5-ம் கைகொடுக்காது. அப்போது வேறு பல செயற்கைக்கோள்களும் தெரிந்தால்தான், மற்றவற்றோடு ஒத்துப்போகாத ஒன்றை ரிசீவர் அடையாளம் கண்டு விலக்க முடியும். ஏரிக்கரையின் திறந்த வானம் உங்கள் போனுக்குக் கொடுப்பது அதைத்தான்.